மறு: ‘பூட்’ என்பதற்குத் தமிழில் எது? ‘கிளப்பு’ என்பது என் வாக்கு

அண்ணாச்சி, குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கணினி ஆன் ஆனதும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடுவதுதான் ‘பூட்’. அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘தொடங்கு’ என்றே வைத்துவிட்டால் என்ன? எல்லோருக்கும் புரியுமே.

புரியும். ஆனால் அந்தச் சொல்லின் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட சுமை. செயலியைத் தொடங்கு, அமர்வைத் தொடங்கு, பதிவிறக்கத்தைத் தொடங்கு. பழுதுநீக்கும் கையேட்டில் ‘மடிக்கணினி தொடங்கவில்லை’ என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. விளக்கே எரியவில்லையா? விளக்கு எரிந்து, நினைவகத்தில் கோளாறு என்று பீப் அடிக்கிறதா? இல்லை, எல்லாம் சரியாக இருந்தும் இயங்குதளம் ஏறவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

செங்கோட்டையில் எங்கள் கடைக்கு ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கேரள அரசுப் பள்ளிகளில் பாடம் லினக்ஸில்தான். அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் வீட்டு மடிக்கணினியிலும் விண்டோஸ் பக்கத்திலேயே அதைப் போட்டுக்கொள்கிறார்கள். அப்படி ஒரு கல்லூரிப் பெண் கொண்டுவந்தது: “சார், ஆன் ஆகுது, ஆனா எடுக்க மாட்டேங்குது.” பாருங்கள், இரண்டையும் அவரே பிரித்துச் சொல்லிவிட்டார். திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி, பக்கத்தில் மினுக்கும் கோடு, அவ்வளவுதான். இடம் போதவில்லை என்று விண்டோஸிலிருந்தே லினக்ஸ் பிரிவை அழித்திருக்கிறார். க்ரப் என்பது லினக்ஸோடு வரும், இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரல் (பூட் லோடர்). அதன் முதல் துண்டு மட்டும் ஏறி, மிச்சக் கோப்புகளைத் தேடிக் கிடைக்காமல் நின்றிருக்கிறது. வட்டில் பழுது இல்லை, விண்டோஸ் பக்கத் தரவும் போகவில்லை. யூஇஎஃப்ஐ, அதாவது இயங்குதளத்துக்கும் முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள், அதன் அமைப்புக்குள் போய், கிளப்பு வரிசையில் விண்டோஸின் கிளப்பியை மேலே ஏற்றியதும் கணினி கிளம்பிவிட்டது.

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே அப்படி எழுதினேன். எங்காவது இடறியதா?

கிளம்பு தன்வினை, கிளப்பு பிறவினை. திரும்பு–திருப்பு, நிரம்பு–நிரப்பு போல. ‘கணினி கிளம்பவில்லை’, ‘கிளப்பி அதைக் கிளப்பவில்லை’ என்று யார் மேல் குற்றம் என்பதை வினையே சொல்லிவிடும். ‘தொடங்கு’ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கும். யூஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டில் 446 பைட்டுக்குள் ஒரு குட்டி நிரல் அடங்கியாக வேண்டும். அது அடுத்த பெரிய நிரலைக் கிளப்பும், அது இயங்குதளத்தின் மையமான கருநிரலைக் (கெர்னல்) கிளப்பும். முதற்கிளப்பி, அடுத்த கிளப்பி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இரட்டைக் கிளப்பு, மறுகிளப்பு, கிளப்பு வட்டு எல்லாம் தானாக வந்து விழுகின்றன.

> புரளி கிளப்புவதுதான் நினைவுக்கு வருகிறது.

வரட்டுமே. பழைய ஆட்களுக்குக் காப்பி கிளப்பும் நினைவுக்கு வரும். என் கடைக்கு அதனால் யாரும் இட்லி கேட்டு வரப்போவதில்லை. வண்டியைக் கிளப்புவதும் அன்றாடப் பேச்சுதானே.

‘பூட்’ என்றே விட்டுவிடலாம் என்றவருக்கு: வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள். ‘பூட்டில் சிக்கல்’ என்றால் சாவிக்காரரைத் தேடுவார்கள். அதுவும் ‘திரை பூட்டப்பட்டது’ என்று வரும் அதே கையேட்டில்.

‘எழுப்பு’ நல்ல சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் மூடியைத் திறந்ததும் உறக்கநிலையிலிருந்து மீள்வதற்கு அதை வைத்துக்கொள்ள வேண்டும். எழும்பாத கணினியும் கிளம்பாத கணினியும் ஒன்றல்ல. முதலாவதை ஆற்றல் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று உண்டு. கருநிரல் ஏறியதும், உண்மையான கோப்பு முறைமையை ஏற்றும்வரை நினைவகத்தில் தற்காலிகமாக ஒரு சிறு கோப்பு முறைமை நிற்கிறதே, இனிட்ராம்எஃப்எஸ், அதற்கு என்ன வைப்பது? ‘கிளப்புகாலக் கோப்புமுறை’ நீளமாக இருக்கிறது. அண்ணாச்சி, உங்கள் பட்டியலில் ஏதாவது இருக்கிறதா?