ஃபாக் லேம்ப், டேஷ்கேம் போட்ட பிறகு பேட்டரி இறங்குகிறது, ஸ்விட்ச் சூடாகிறது. என்ன செய்யலாம்?

கானாடுகாத்தான் வாசகர்:
வணக்கம். 2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் எங்கள் குழுவோடு இந்த வண்டிதான் துணைக்குப் போகும். மருந்து, தண்ணீர், மாற்றுத் துணி எல்லாம் இதில்தான். சிங்கம்புணரி, நத்தம் பக்கம் விடியுமுன் இருட்டில் ஆட்கள் ரோட்டோரமாக நடப்பார்கள். அதற்காக 55 வாட் ஃபாக் லேம்ப் ஒரு ஜோடியும் டேஷ்கேமும் ஒரு கடையில் போட்டோம். அதிலிருந்து இரண்டு தொல்லை.

வீட்டு ஷெட்டில் மூன்று நாலு நாள் நிறுத்தி வைத்தால் வண்டி கிளம்புவதில்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள், ஆனால் அது போன வருஷம்தான் வாங்கியது. அப்புறம், ஃபாக் லேம்ப் கொஞ்ச நேரம் எரிந்தாலே டேஷ்போர்டு ஸ்விட்ச் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது. முதலில் ஒரு ஃப்யூஸ் போனது. கடையில் பெரிய ஃப்யூஸ் போட்டுக் கொடுத்தார்கள். நடைப்பயணத்தில் போன் சார்ஜ் செய்ய லைட்டர் சாக்கெட்டில் ஒரு இன்வெர்ட்டரும் செருகலாம் என்று இருக்கிறேன்.

தேவகோட்டை ஆட்டோ எலக்ட்ரீசியன்:
அண்ணே, மற்றதெல்லாம் அப்புறம். இப்போதே ஃபாக் லேம்ப் ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். வாடை வந்துவிட்டது என்றால் வயர் உருக ஆரம்பித்துவிட்டது. கழற்றியதும் அந்த ஃப்யூஸ் என்ன நிறம், ரிலே என்று, சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி எங்கேயாவது இருக்கிறதா, ஸ்விட்சின் பின்பக்கம் எப்படி இருக்கிறது, மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்:
கழற்றிவிட்டேன். பச்சை ஃப்யூஸ், மேலே 30 என்று இருக்கிறது. ரிலே எதுவும் இல்லை. பேட்டரியிலிருந்து வயர் நேராக ஸ்விட்சுக்கு வந்து, அங்கிருந்து லேம்புக்குப் போகிறது. ஸ்விட்சின் பின்னால் வெள்ளை பிளாஸ்டிக் ஒரு முனையில் பழுப்பேறி இருக்கிறது. அந்த இடத்தில் வயரின் மேலுறையை நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிறது. வயர் மெல்லிசு, 0.5 சதுர மில்லிமீட்டர் இருக்கும்.

தேவகோட்டை ஆட்டோ எலக்ட்ரீசியன்:
நினைத்தது சரி. இரண்டு லேம்பும் சேர்த்து 110 வாட். 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும். அந்த மெல்லிய வயரில் மூன்று மீட்டருக்கு ஒரு வோல்ட் அளவுக்கு வழியிலேயே இழப்பாகும். அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். லேம்பும் மங்கும்.

ஃப்யூஸ் விஷயம் இதைவிட மோசம். ஃப்யூஸ் லேம்பைக் காப்பாற்ற வைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. அந்த வயருக்கு 30 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டால், எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது வயர் எரிந்த பிறகும் ஃப்யூஸ் உட்கார்ந்திருக்கும். ஒரு ஃப்யூஸ் போனால் ஏன் போனது என்று பார்க்க வேண்டும். பெரியது போட்டு அனுப்புவது எனக்குக் கோபம் வருகிற வேலை, அதுவும் ஆட்கள் கூட நடந்துவரும் வண்டியில்.

அந்த வயரை முழுக்க எடுத்துவிட்டு இப்படிச் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ், அது நீல நிறத்தில் இருக்கும். அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனை. 87-லிருந்து லேம்புகள். 85 பாடி எர்த். 86-க்கு ஸ்விட்ச். ஸ்விட்சுக்கு வரும் சப்ளையைப் பார்க் லைட் வயரிலிருந்து எடுத்தால், பார்க் லைட் அணைந்ததும் ஃபாக் லேம்பும் அணைந்துவிடும், மறந்துபோய் எரியாது. ஸ்விட்ச் வழியாக ரிலே சுருளுக்கு வேண்டிய சின்னக் கரண்ட் மட்டும் போவதால் சூடு என்ற பேச்சே இருக்காது. இணைப்புகளை முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள், வெயிலில் பசை இளகி டேப் பிரியும். க்ரிம்ப் செய்து, அதாவது உலோக முனையில் வைத்து இறுக்கி அழுத்தி, மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். வயர் முழுக்க நெளிவுக் குழாய்க்குள் போகட்டும். பழைய வீட்டு ஷெட்டில் எலி இருக்குமே.

புதுவயல் வாசகர்:
பேட்டரி இறங்குவதற்கு என் சந்தேகம் டேஷ்கேம் மேல்தான். ஒரு மல்டிமீட்டர் வைத்து நீங்களே பார்க்கலாம். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்து அரை மணி நேரம் விடுங்கள். பானட் மட்டும் திறந்திருக்கட்டும். மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். கழற்றி மாட்டியதில் வண்டியின் கம்ப்யூட்டர்கள் மறுபடி விழித்துக்கொள்ளும், அவை அடங்கும் வரை காத்திருந்து அளவைப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு ஃப்யூஸாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்ததும் குறைகிறதோ அங்கேதான் கசிவு. மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்டுக்கு மீட்டர் தாங்காது.

கானாடுகாத்தான் வாசகர்:
பார்த்துவிட்டேன். 0.31 ஆம்பியர் காட்டியது. டேஷ்கேம் போகும் ஃப்யூஸை எடுத்ததும் 0.03 ஆகிவிட்டது.

புதுவயல் வாசகர்:
அப்படியென்றால் சாவி எடுத்தாலும் மின்சாரம் இருக்கும் ஃப்யூஸில் சொருகியிருக்கிறார்கள். 0.3 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-ஹவர். உங்கள் 35-க்கு மூன்று நாலு நாள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் ஃப்யூஸுக்கு, ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இடத்தில் செருகித் தனி இணைப்பு எடுக்கும் அடாப்டர்) வழியாக மாற்றுங்கள். நிறுத்தியிருக்கும்போதும் பதிவாக வேண்டும் என்றால், பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கினால் தானே துண்டிக்கும் ஹார்டுவயர் கிட் கிடைக்கிறது. எப்படி மாற்றினாலும் ஏர்பேக் ஃப்யூஸையும் மஞ்சள் கனெக்டர்களையும் தொடவே கூடாது. ஜன்னலோரம் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் முன் தூணில் கேபிள் ஏர்பேக்குக்குப் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போனால் அது விரியும்போது கேபிளையும் சேர்த்து முகத்தில் அடிக்கும்.

பள்ளத்தூர் வாசகர்:
இன்வெர்ட்டருக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. லைட்டர் சாக்கெட் பொதுவாக 120 வாட்தான் தாங்கும். 300 வாட் இன்வெர்ட்டரை முழு லோடில் ஓட்டினால் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குப் பேட்டரியிலிருந்து தனிக் கனத்த கேபிள், தனி ஃப்யூஸ் எல்லாம் வேண்டும், இன்ஜினும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நடக்கிறவர்கள் பக்கத்தில் புகை விட்டுக்கொண்டு நிற்க முடியுமா? எங்கள் குழுவில் ராத்திரி தங்கும் இடத்தில் பவர் பேங்குகளுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்வோம், பகலில் வண்டியில் ஒரு யூஎஸ்பி சார்ஜர் போதுமாக இருக்கிறது.

கானாடுகாத்தான் வாசகர்:
எல்லாருக்கும் நன்றி. இன்வெர்ட்டர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ரிலே வேலைக்குத் தேவகோட்டைக்கே வண்டியைக் கொண்டுவருகிறேன் அண்ணே. பலமுறை இறங்கிய இந்தப் பேட்டரி இனி தேறுமா?

தேவகோட்டை ஆட்டோ எலக்ட்ரீசியன்:
வாங்க அண்ணே, காலையிலேயே வந்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாம். பேட்டரியை இப்போதே வாங்கிவிடாதீர்கள். சார்ஜரில் மெதுவாக முழுக்க ஏற்றி, ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் நின்று, ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே போகாமல் இருந்தால் பழனி போய்த் திரும்ப இதுவே போதும். கீழே போனால் சொல்லுங்கள், லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.