தோட்டாவின் கேஸ் கழுத்து புல்லட்டைப் பிடிக்கும் பிடிப்பு கேஸுக்குக் கேஸ் மாறுவது ஏன்?

கேள்வி

.308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கான தோட்டாக்களை மறுநிரப்பு செய்து வருகிறேன். எல்லாக் கேஸ்களின் (சுட்டபின் மீண்டும் நிரப்பும் பித்தளைக் கூடுகளின்) கழுத்தையும் ஒரே புஷிங் டையில்தான் (கழுத்தை வெளியிலிருந்து அழுத்திச் சுருக்கும் வளையம் பொருத்திய அச்சு) சுருக்குகிறேன். இருந்தும் சில புல்லட்டுகள் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன, சிலவற்றைப் பலமாக அழுத்த வேண்டியிருக்கிறது. இன்னும் 0.002 அங்குலம் சிறிய புஷிங்குக்கு மாறினால் பிடிப்பு சீராகுமா?

பதில் 1

சீராகாது. கழுத்தின் உள்விட்டம் புல்லட்டின் விட்டத்தைவிட எவ்வளவு குறைவோ அதையே பிடிப்பின் அளவாகச் சொல்கிறோம் என்றாலும், அந்த வித்தியாசம் ஏறத்தாழ 0.003 அங்குலத்தைத் தாண்டும்போது பித்தளை தன் மீள்தன்மையை இழந்து நிரந்தரமாக விரிந்துவிடுவதால், புல்லட்டே கழுத்தை விரிக்கும் கருவியாகிவிடுகிறதே தவிர, பிடிப்பு அதற்கேற்பக் கூடுவதில்லை. புல்லட் சாய்ந்து அமரும் வாய்ப்பும் கூடுகிறது.

முதலில் கழுத்துச் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள் (காலிப்பர் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும்). சுவர் 0.015 அங்குலம் என்றால், நிரப்பிய தோட்டாவின் கழுத்து வெளிவிட்டம் 0.338 அங்குலமாக இருக்கும். போல்ட் ரைஃபிளுக்கு (ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றும் வகை) வழக்கமான 0.002 அங்குலப் பிடிப்புக்கு 0.336 புஷிங் பொருந்தும். ஆனால் புஷிங் வெளியிலிருந்து அழுத்துவதால், சுவரில் உள்ள ஏற்றத்தாழ்வு முழுவதும் உட்புறத்துக்குத் தள்ளப்படுகிறது. ஆகவே 0.335 புஷிங்கில் சுருக்கிவிட்டு, 0.306 மாண்ட்ரலை (கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் உருளைக் கம்பி) உள்ளே செலுத்தி விரித்தால், ஏற்றத்தாழ்வு வெளிப்புறத்துக்குப் போய், புல்லட் தொடும் பரப்பு சீராகிவிடும்.

பதில் 2

மேலே சொன்னதோடு, பித்தளையின் கடினத்தையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுட்டுச் சுருக்கும்போதும் கழுத்தின் பித்தளை கடினமாகி, டையிலிருந்து வெளிவந்தபின் முன்னைவிடச் சற்று அதிகமாக மீண்டெழும். எனவே இருமுறை சுட்ட கேஸும் எட்டுமுறை சுட்ட கேஸும் ஒரே புஷிங்கில் ஒரே அளவைத் தருவதில்லை. சுட்ட எண்ணிக்கைப்படி கேஸ்களைப் பிரித்து வையுங்கள். கழுத்தையும் அதன் கீழே சரியும் தோளையும் மட்டும் அனீலிங் (சூடாக்கி மென்மையாக்குதல்) செய்யுங்கள். சூடு கேஸின் அடிப்பகுதிக்கு இறங்கவே கூடாது. அங்கே பித்தளை மென்மையானால் வெடிப்பழுத்தத்தைத் தாங்காது.

பதில் 3

கேஸ்களை எஃகு ஊசிகளோடு ஈரமாகச் சுத்தம் செய்கிறீர்களா? கழுத்தின் உள்ளே படிந்திருக்கும் கரி உராய்வைக் குறைக்கும். அது முழுவதும் போய்விட்டால், அளவு சரியாக இருந்தும் புல்லட் திக்கித் திக்கி இறங்கும். உலர்ந்த கிராஃபைட் தூளில் கழுத்தை ஒருமுறை தொட்டெடுத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இதே தோட்டாக்களை அரைத்தானியங்கி ரைஃபிளிலும் பயன்படுத்துவதானால், கிரிம்ப் (கழுத்தின் விளிம்பைப் புல்லட்டின் மேல் அழுத்தி இறுக்குதல்) செய்துவிட்டால் போதாதா?

பதில் 1

தளர்ந்த கழுத்துக்குக் கிரிம்ப் மாற்றாகாது. தோட்டா அறைக்குள் வேகமாக மோதி ஏறும்போது புல்லட் உள்ளே அமிழ்ந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும் என்பதால், அவ்வகை ரைஃபிள்களுக்கு 0.003 அங்குலம் வரை வைப்பதே நல்லது. நிரப்பிய தோட்டா ஒன்றின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, புல்லட்டின் முனையை மரப்பலகையில் வைத்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்திய பின் மீண்டும் அளந்து பாருங்கள். நீளம் குறைந்திருந்தால் அந்தத் தொகுதியைச் சுட வேண்டாம்.