ஒரே கம்பத்தில் ரெண்டு செக்டார்: சேனல் மாற்றியும் அப்லோட் படுக்கிறது. ஜிபிஎஸ் சிங்க் உதவுமா?

டோல்கேட் கேபிள்:
வணக்கம். தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம், நாலு மாடிக் கட்டடத்து மொட்டை மாடியில், வீடுகளுக்கு வயர்லெஸ் இணையம் கொடுக்கும் எங்கள் கம்பம். ஒரு செக்டார் (ஒரு பக்கத்து வீடுகளை மட்டும் பார்க்கும் ஆன்டெனாவும் ரேடியோவும்) காசிமேட்டைப் பார்த்து, இன்னொன்று கொருக்குப்பேட்டையைப் பார்த்து. இடையில் ஆறடி கூட இருக்காது. மணலிக்குப் போகும் பேக்ஹாலும் (கம்பத்துக்குக் கம்பம் போகும் இணைப்பு) அதே கம்பத்தில்தான். பகலில் தொல்லை இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கொருக்குப்பேட்டைப் பக்கம் எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தால், காசிமேட்டுப் பக்கம் அப்லோட் படுத்துவிடுகிறது. டவுன்லோட் ஓரளவு ஓடுகிறது. ஒன்றை 5745 மெகாஹெர்ட்ஸிலும் மற்றதை 5785-லும் வைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. துறைமுகத்து வானிலை ரேடார்தான் காரணம் என்கிறார் ஒருத்தர். ஜிபிஎஸ் சிங்க் (ஜிபிஎஸ் கடிகாரத்தை வைத்து நேரம் ஒத்துப்போவது) உள்ள ரேடியோ வாங்கு என்கிறார் இன்னொருத்தர். ரெண்டையும் மாற்றினால் கையைக் கடிக்கும். பலன் உண்டா?

எண்ணூர் பீம்:
செலவில்லாத வேலையை முதலில் பாருங்க. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், பவரைக் கொஞ்சம் இறக்குங்க, ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் மாட்டுங்க.

மாடிக்கம்பம்:
ரேடார் மேல் பழி போடாதீங்க அண்ணே. அது எஸ் பாண்ட் அலைவரிசை, 3 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே; உங்களுடையது 5.7-க்கு மேலே. ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டிக்கு வருவதும் இல்லை.

துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கொருக்குப்பேட்டைக்காரர்கள் படம் பார்க்கும்போது அந்தப் பக்கத்து ஏபி (கம்பத்திலிருந்து வீடுகளோடு பேசும் ரேடியோ) ஓயாமல் அனுப்புகிறது. அதே நேரம் காசிமேட்டு ஏபி, தூரத்து வீட்டு ரேடியோவின் மெல்லிய சிக்னலைக் கேட்கப் பார்க்கிறது. ஆடி மாசக் கூழ் ஊற்றும் லவுட்ஸ்பீக்கர் அடியில் நின்று போன் பேசுவது மாதிரிதான். பக்கத்து ஏபி 25 டிபிஎம்மில் (சிக்னல் பலத்தின் அளவு) கத்துகிறது என்றால், வீட்டிலிருந்து வருவது மைனஸ் 65. வித்தியாசம் 90 டிபி, அதாவது நூறு கோடி மடங்கு. முதுகுக்கு முதுகு வைத்த ஆன்டெனாக்கள் அதில் 55 டிபியைத் தின்றாலும் மூவாயிரம் மடங்கு மிச்சம். சேனல் வேறாக இருந்தும் ரிசீவர் திணறுவது இதனால்தான்.

சிங்க் செய்வது இதுதான்: எல்லா ஏபியும் ஒரே நேரத்தில் அனுப்பும், ஒரே நேரத்தில் வாயை மூடிக் கேட்கும். ஜிபிஎஸ் ரிசீவர் நொடிக்கு ஒரு துடிப்பு தரும், ஃப்ரேம்கள், அதாவது அனுப்பிக் கேட்கும் ஒவ்வொரு சுற்றும், அதை வைத்துத் தொடங்கும். மோட்டோரோலாவின் கேனோபி வயர்லெஸ் ரேடியோ காலத்துச் சங்கதி, புதுசு இல்லை.

ஆனால் ரேடியோ வாங்கி மாட்டினால் மட்டும் போதாது, பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஃப்ரேம் நீளம், டவுன்லோட் அப்லோட் விகிதம், அதிகபட்ச தூரம் மூன்றும் ரெண்டு ஏபியிலும் ஒன்றாக இருக்கணும். 5 மில்லிசெகண்ட் ஃப்ரேமில் ஒன்றுக்கு 75/25, மற்றதற்கு 50/50 வைத்தால், முதலாவது 3.75 வரை அனுப்பும், ரெண்டாவது 2.5-லேயே கேட்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் 1.25 மில்லிசெகண்ட் பழைய கதைதான். தூரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம்: சிக்னல் 6 கிலோமீட்டர் போய்வர 40 மைக்ரோசெகண்ட், அவ்வளவு நேரத்தை ஃப்ரேமில் காலியாக விடணும்; அந்த இடைவெளியைப் பக்கத்துத் தெரு வாடிக்கையாளரும் சேர்த்துச் சுமக்கிறார்.

வாங்கும் முன் ஒரு சோதனை. ராத்திரி நெரிசல் நேரத்தில் கொருக்குப்பேட்டை ரேடியோவை ரெண்டு நிமிஷம் அணையுங்க. காசிமேட்டு அப்லோட் எழுந்தால் சிங்க் பலன் தரும். எழாவிட்டால் வேறு யாரோ கத்துகிறார்கள், அதற்கு இது மருந்தில்லை.

டோல்கேட் கேபிள்:
நேற்று ராத்திரி அணைத்தேன், உடனே எழுந்தது! அப்புறம் ரெண்டு சந்தேகம். எதிர்க் கட்டடத்தில் வேறு ஆபரேட்டரின் கம்பம், ரேடியோ வேறு கம்பெனி. அவரும் சேர முடியுமா? மணலி லிங்க்கை என்ன செய்வது?

மாடிக்கம்பம்:
வேறு கம்பெனியின் ஃப்ரேம் கணக்கு வேறு, பொதுவாக ஒத்துவராது. சாதாரண வைஃபை முறையில் ஓட்டினால் பேச்சுக்கே இடமில்லை. அது யாரும் பேசவில்லையா என்று கேட்டுவிட்டு அனுப்பும் ஜாதி. டீக்கடையில் உட்கார்ந்து சேனலைப் பங்கு போட்டுக்கொள்ளுங்க. 2018 அறிவிப்புக்குப் பிறகு 5 கிகாஹெர்ட்ஸில் லைசென்ஸ் இல்லாமல் 605 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது, சண்டை வேண்டியதில்லை.

அடுத்து மணலி லிங்க்.
பேக்ஹாலில் ஒரு கண்ணி உண்டு. உங்கள் முனை மாஸ்டராக (நேரத்தைத் தீர்மானிக்கும் முனையாக) இருந்து செக்டார்களோடு சேர்ந்து அனுப்பினால், மணலி முனை நீங்கள் கேட்கும் நேரத்தில் அனுப்பும். மணலிக் கம்பத்திலும் அதே சிங்க்கில் ஏபி வைத்தால், அந்த ஏபியின் காதில் லிங்க்கின் மணலி முனை கத்தும். அதனால் பேக்ஹாலை 5.1 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தள்ளி, செக்டார்களை 5.8-ல் வையுங்க.

ஜிபிஎஸ் ஆன்டெனா வானத்தைப் பார்க்கணும், தகரக் கொட்டகைக்குள் வைக்காதீங்க. சிக்னல் போனால் ரேடியோ தன் உள்ளே இருக்கும் கிரிஸ்டல் கடிகாரத்தை நம்பி ஓடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஒரே நிமிஷத்தில் 60 மைக்ரோசெகண்ட் நழுவும், மேலே சொன்ன 40 இடைவெளி அதிலேயே காலி.