வாட்டர்ஷிப் டவுன் (1978): முயல் படத்தில் இவ்வளவு ரத்தமா?

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. முயல்கள் பற்றிய அனிமேஷன் படம், பிரிட்டனில் வெளியானபோது யு சான்றிதழ் என்று படித்தேன். குழந்தைகளோடு பார்க்கலாமா? மீதிப் படம் ஒரு பாணியிலும் தொடக்கம் வேறு பாணியிலும் இருக்கிறதாமே, ஏன்?

பதில் 1: ஏழு வயதுக்கு வேண்டாம். வளைக்குள் முயல்கள் மூச்சுத் திணறிச் சாகும் காட்சி, கண்ணியில் கழுத்து இறுகும் காட்சி, அப்புறம் கடைசிச் சண்டை, எல்லாமே கடுமையானவை. அந்த யு சான்றிதழைப் பற்றி பெற்றோர் பல வருடம் புகார் எழுதினார்கள், இப்போது அதை பிஜி (பெற்றோர் வழிகாட்டல் தேவை) ஆக்கிவிட்டார்கள்.

பதில் 2: தொடக்கம் பற்றி. முதலில் இயக்கியவர் ஜான் ஹப்லி. தயாரிப்பாளர் மார்ட்டின் ரோசனோடு ஒத்துப்போகாமல் விலகினார், 1977இல் இறந்தும் போனார். ரோசனே இயக்குநரானார், அதற்கு முன் படம் இயக்கியதே இல்லை. முயல்களின் படைப்புக் கதை வரும் அந்தத் தொடக்கத்தில்தான் ஹப்லியின் கை தெரிகிறது, தட்டையான எளிய உருவங்கள். மற்றதெல்லாம் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் புல்வெளிகளை நீர்வண்ணத்தில் அப்படியே கொண்டுவந்த பின்னணிகள், எனக்கு இவைதான் படத்தின் உயிர்.

பதில் 3: இந்தப் படத்துக்காகப் பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் பாடிய பாட்டு 1979இல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. படம் பார்க்காதவர்களுக்கும் அது தெரியும். மரணத்தை மறைக்காமல் சொன்ன படம் என்பதால்தான் எனக்குப் பிடிக்கும், ஆனாலும் மகளுக்குப் பத்து வயதாகட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.