ஆழ்கடல் மீன் மட்டும் ஏன் நசுங்குவதில்லை?

உப்புக்காற்று:
ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி. பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று பள்ளியில் படித்தோம். அப்படிப் பார்த்தால் 8 கிலோமீட்டர் ஆழத்தில் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு சின்ன காரை ஏற்றி நிறுத்திய மாதிரி. 1960-ல் மரியானா அகழிக்கு இறங்கிய ட்ரியெஸ்ட் கலத்துக்கு அத்தனை தடிமனான எஃகு உருண்டை இருந்தும், வழியில் வெளிப்பக்க ஜன்னல் ஒன்று விரிசல் விட்டதாம். ஆனால் அதே மாதிரி அகழிகளில் கொழகொழ உடம்போடு ஒரு மீன் சாவகாசமாக நீந்துகிறது. எப்படி?

இன்னொன்று, மூக்கு தொங்கிப்போய் அழுமூஞ்சியாக இருக்குமே பிளாப்ஃபிஷ், அழுத்தத்தைத் தாங்கித் தாங்கித்தான் அப்படி ஆகிவிட்டதா?

நங்கூரம்:
எஃகு எவ்வளவு தடிமன் என்று பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கலத்துக்குள் மனிதன் மூச்சுவிட வேண்டும், அதனால் உள்ளே நம் ஊர்க் காற்று, வெளியே ஆயிரம் மடங்கு அழுத்தம். அந்த வித்தியாசம்தான் நசுக்குகிறது. மீனுக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், தண்ணீரை அழுத்தினாலும் லேசில் சுருங்காது, வெளியே எவ்வளவு அழுத்தமோ உள்ளேயும் அவ்வளவு, அப்புறம் எதை நசுக்க?

ஒரு ஆய்வுக் கப்பலில் சில மாதம் இருந்தேன். அங்கே எல்லோரும் செய்கிற விளையாட்டு ஒன்று உண்டு, தெர்மாகோல் கப்பில் பேனாவால் எதையாவது வரைந்து, வலைப்பையில் போட்டு, கருவிகளோடு சேர்த்துக் கட்டிக் கீழே அனுப்புவார்கள். என்னுடையது சுமார் 4,000 மீட்டர் போய்வந்தது. விரலில் மாட்டிக்கொள்கிற அளவுக்குச் சுருங்கி, கல் மாதிரி இறுகி, நான் வரைந்த நண்டு மட்டும் ஒரு கால் குறையாமல் குட்டி நண்டாக மாறியிருந்தது. அதே பையில் ஒருவர் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மூடிய பிளாஸ்டிக் பாட்டிலை வைத்திருந்தார், அது போனபடியே வந்தது. தெர்மாகோலுக்குள் இருந்தது காற்று, பாட்டிலில் தண்ணீர். உங்கள் கேள்விக்கு அதுதான் பதில்.

மீன்கொத்தி:
நங்கூரம் சொன்னது முக்கால்வாசி சரி. உடம்பு நசுங்காது, ஆனால் உள்ளே இருக்கிற புரதங்கள் தப்பிப்பதில்லை. புரதம் சரியாக மடிந்திருந்தால்தான் வேலை செய்யும், அத்தனை அழுத்தத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து அந்த மடிப்பைக் கெடுத்துவிடும். அதற்கு மீன்கள் கண்ட வழி ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்கிற பொருள், சுருக்கமாக டிஎம்ஏஓ. ஆழம் கூடக்கூட தசையில் இதன் அளவும் கூடுகிறது. செத்த கடல்மீனில் வரும் கவிச்சி வாடை, இதைப் பாக்டீரியா உடைப்பதால் வருவதுதான்!

இதிலும் ஒரு எல்லை உண்டு. டிஎம்ஏஓ ஏற ஏற மீனின் உடம்புத் திரவம் கடல்நீரைவிட அடர்த்தியாகிவிடும், அப்போது தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே ஊறத் தொடங்கும். அந்தக் கணக்குப்படி 8,200 முதல் 8,400 மீட்டருக்குக் கீழே மீனே இருக்க முடியாது என்று 2014-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2022-ல் ஜப்பானுக்குத் தெற்கே இசு-ஒகசவாரா அகழியில் நத்தைமீன் என்கிற கொழகொழ உடம்பு மீன் ஒன்று கேமராவில் பிடிபட்டது, ஆழம் 8,336 மீட்டர். கணக்குப் போட்டவர்களுக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வந்திருக்காது.

உப்புக்காற்று:
கவிச்சி வாடைக்கு இப்படி ஒரு பின்கதையா! சரி, பிளாப்ஃபிஷை விட்டுவிட்டீர்களே? அப்புறம் திமிங்கிலம், அது நம்மைப் போலக் காற்றை நிரப்பிக்கொண்டுதானே இறங்குகிறது?

கரையோரம்:
பிளாப்ஃபிஷ் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு அந்த அழுமூஞ்சிப் படத்தின் மேல் கோபமே உண்டு. 2003-ல் நியூசிலாந்துப் பக்கம் நடந்த ஆய்வுப் பயணத்தில் இழுவலையில் சிக்கி, கீழிருந்து இழுபட்டு, கப்பல் தளத்தில் கிடந்த மீன் அது. 600 மீட்டருக்குக் கீழே, அதன் இடத்தில் அது பெரிய தலையும் சின்ன வாலுமாக ஒரு கொழுத்த தலைப்பிரட்டை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பல மீன்களுக்கு மிதக்கக் காற்றுப்பை உண்டு, இதற்குக் கிடையாது, தண்ணீரைவிட லேசான கூழ்ச்சதைதான் மிதவை. சுற்றிலும் தண்ணீர் தாங்கும்வரை அந்தக் கூழ் உருவத்தோடு நிற்கும், வெளியே போட்டால் சரிந்துவிடும். சவத்தைப் படம் எடுத்துவிட்டு 2013-ல் உலகிலேயே அசிங்கமான விலங்கு என்று ஓட்டுப் போட்டார்கள். பாதுகாப்பு பற்றிப் பேசவைக்கத்தான் அந்தப் போட்டி நடத்தினார்கள் என்பது தெரியும், ஆனாலும் ஒப்பவில்லை.

இழுவலையில் உருக்குலைவதோடு முடிந்தால் பரவாயில்லை. ஆரஞ்சு ரஃபி என்று ஒரு மீன், 200 வருஷத்துக்கு மேலும் வாழும், முட்டையிடும் பருவம் வரவே 20, 30 வருஷம் ஆகும். கடலடி மலைகளின் மேல் கூட்டமாகச் சேர்ந்து முட்டையிடும் பழக்கம் வேறு, வலைக்கு அதைவிட வசதி வேண்டுமா? முன்பு அதற்கு ஸ்லைம்ஹெட், அதாவது சளித்தலை என்று பெயர், விற்காது என்று பெயரை மாற்றினார்கள். மாற்றியதும் பிய்த்துக்கொண்டு போனது. இன்றைக்கு ஒருவர் தட்டில் இருப்பது அவருடைய தாத்தாவைவிட வயதான மீனாக இருக்கலாம்.

அங்கே எல்லாமே மெதுவு. ஆழ்கடல் தரையில் கிடக்கும் உலோக உருண்டைகளைத் தோண்டினால் என்ன ஆகும் என்று பார்க்க 1989-ல் பெருவுக்கு அப்பால், 4,000 மீட்டருக்கும் கீழே, கடல்தரையை உழுது பார்த்தார்கள். 2015-ல் திரும்பப் போய்ப் பார்த்தபோது உழுத கோடுகள் அப்படியே இருந்தன.

நங்கூரம்:
உழுத கோடு விஷயம் எனக்கும் புதிது. அந்த உருண்டைகளில் உள்ள நிக்கலும் கோபால்ட்டும் பேட்டரிக்கு வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதைத் தனித் திரியில் சண்டை போடுவோம்.

திமிங்கிலத்துக்கு வருகிறேன். ஸ்பெர்ம் திமிங்கிலம் 1,000 மீட்டருக்கும் கீழே போகும். காற்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது காற்றைக் காப்பாற்ற முயல்வதே இல்லை. விலாக்கூடு மடங்கிக்கொடுக்கும், நுரையீரல் அமுங்கிவிடும், மிச்சக் காற்று மூச்சுக்குழாய்ப் பக்கம் ஒதுங்கிவிடும். ஆக்சிஜனை ஏற்கெனவே ரத்தத்திலும் தசையிலும் ஏற்றிவைத்துக்கொண்டுதான் கிளம்புகிறது. தசையில் அதைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் அவ்வளவு இருப்பதால் அதன் சதை சிவப்பாகக்கூட இருக்காது, கிட்டத்தட்ட கறுப்பு.