அப்பாவின் ரத்த ரிப்போர்ட்டில் நான் தேடிய எண்

செம்பவாங் மகள்:

அப்பாவுக்கு 71 வயது. முப்பது ஆண்டு பேருந்து ஓட்டினார், அந்த முப்பது ஆண்டும் சிகரெட்டை விடவில்லை. போன தீபாவளிக்கு முன் தொடங்கிய இருமல் பொங்கல் வரை நீண்டது. நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம், மூளையிலும் ஒரு சின்னக் கட்டி.

திசுப் பரிசோதனையில் பிடி-எல்1 என்ற புரதம் 60 விழுக்காடு புற்று செல்களில் தெரிந்தது. 50க்கு மேல் இருப்பதால் கீமோ சேர்க்காமல் கீட்ருடா என்ற இம்யூனோதெரபி மருந்தை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கேட்டபோது நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததும் அது கரைந்துபோனது. 2016இல் வெளிவந்த கீநோட்-024 ஆய்வில் பிடி-எல்1 50 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டுமே சேர்த்தார்கள். அவர்களிலும் கீட்ருடா எடுத்தவர்களில் 100க்கு 45 பேருக்குத்தான் கட்டி நன்றாகச் சுருங்கியது. கீமோ எடுத்தவர்களில் 28 பேருக்கு. அதைவிட நல்ல கணக்குதான். ஆனால் அப்பா அந்த 45இல் ஒருவரா, மீதி 55இல் ஒருவரா என்று திசு சொல்லவில்லையே. சரி, ரத்தம் ஏதாவது சொல்லுமா என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது என்எல்ஆர். நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது; இரண்டும் வெள்ளையணு வகைகள். இதற்கென்று தனியாக ரத்தம் கொடுக்க வேண்டாம், வழக்கமான ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டிலேயே இரண்டும் இருக்கும். கீட்ருடா புற்றை நேரடியாக அடிப்பதில்லை, நம் டி செல்களின் பிரேக்கை எடுத்துவிடுகிறது. டி செல் லிம்ஃபோசைட்டில் ஒரு வகை, அதனால் என்எல்ஆர் குறைவாக இருப்பதே நல்லது. அப்பாவிடம் இப்படிச் சொன்னேன்: "பிரேக்கை எடுத்துடுவாங்கப்பா, ஆனா டிப்போவில வண்டி இருக்கணும்." உடனே புரிந்துகொண்டார்.

பிரான்ஸ் மருத்துவர்கள் 2018இல் இதே போன்ற ஒரு கணக்கோடு, செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கூடும் எல்டிஹெச் என்ற நொதியையும் சேர்த்து லிப்பி என்று ஒரு குறியீட்டை வெளியிட்டார்கள். மொத்த வெள்ளையணுவிலிருந்து நியூட்ரோஃபிலைக் கழித்து, மீதியால் நியூட்ரோஃபிலை வகுக்க வேண்டும். அது 3ஐத் தாண்டினால் ஒரு புள்ளி. எல்டிஹெச் இயல்பான அளவைத் தாண்டினால் இன்னொரு புள்ளி. புள்ளி இல்லாதவர்கள் இம்யூனோதெரபியில் கூடுதல் காலம் இருந்தார்கள், இரண்டு புள்ளிக்காரர்கள் குறைந்த காலம்.

முதல் டோஸுக்கு முன் எடுத்த ரத்தத்தின் முடிவு ஓர் இரவு ஹெல்த்ஹப் செயலியில் வந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, பழைய பள்ளி நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டே கணக்குப் போட்டேன். வெள்ளையணு 9.8, நியூட்ரோஃபில் 8.1, லிம்ஃபோசைட் 0.9. என்எல்ஆர் 9. லிப்பி கணக்கில் 4.8. எல்டிஹெச்சும் கொஞ்சம் கூடுதல். இரண்டு புள்ளி. அம்மா அடுப்பைத் துடைத்தபடியே, "ரிசல்ட் வந்துருச்சாம்மா?" என்று கேட்டார். "இன்னும் வரலம்மா" என்றேன். இரண்டு நாள் அந்தப் பொய்யைச் சுமந்தேன்.

மருத்துவமனையில் நோட்டை டாக்டர் முன் விரித்து வைத்தேன். அவர் ஒதுக்கிவிடாமல் வரி வரியாகப் படித்தார், அதை மறக்க மாட்டேன். பிறகு ஒரே கேள்வி: ரத்தம் எடுத்த அன்று டெக்ஸா மாத்திரை சாப்பிட்டாரா? மூளை வீக்கத்துக்காக அப்பா காலையும் மாலையும் 4 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டீராய்டு நியூட்ரோஃபிலை ரத்தத்துக்குள் இழுத்துவரும், லிம்ஃபோசைட்டைக் குறைக்கும். மாத்திரை தொடங்குமுன் எடுத்த பழைய ரிப்போர்ட்டைத் திரையில் காட்டினார்: நியூட்ரோஃபில் 5.2, லிம்ஃபோசைட் 1.6. வகுத்தால் 3.25. என்னைத் தூங்கவிடாத அந்த 9இல் பெரும்பங்கு மாத்திரையின் வேலை. காய்ச்சல், கிருமித்தொற்று இருந்தாலும் இப்படி ஏறுமாம்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. என்எல்ஆர் கூடியவர்களுக்குக் கீமோவிலும் பலன் குறைவாகத்தான் இருக்கிறது. நோய் உடம்பை எந்த அளவு வாட்டியிருக்கிறது என்று அது காட்டும். இந்த மருந்து இவருக்குக் கேட்குமா என்பதைத் தனியாகப் பிரித்துக் காட்டாது. அந்த ஒரு எண்ணைப் பார்த்து மருந்தை நிறுத்தி வைப்பதில்லை என்றார். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்துவிட்டுக் கீட்ருடாவைத் தொடங்கினோம்.

இதே எண்களைப் பார்த்துத் தவித்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் எழுதுங்கள்.

ரத்தக் கூடத்தில் 19 ஆண்டு:

தங்கச்சி, எல்டிஹெச் பற்றி நான் சொல்லியாக வேண்டும். என் வேலையே ரத்தக் குழாய்களோடுதான்.

குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே தெளிந்து நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். சில குழாய்களில் அது ரோஸ் சிரப்பைத் தண்ணீரில் கலந்த மாதிரி சிவந்திருக்கும். சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். சிவப்பணுவுக்குள் எல்டிஹெச் ஏராளம். உடைந்ததும் அது வெளியே கொட்டி, எண் பொய்யாக ஏறிவிடும். பொட்டாசியமும் கூடவே ஏறும். நரம்பு மெலிந்த வயதானவர்களிடம் ஊசியை இரண்டு மூன்று முறை குத்தி, கஷ்டப்பட்டு இழுத்த ரத்தத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

என் பெரியம்மாவுக்கும் நுரையீரல் புற்றுதான். ஒரு முறை எல்டிஹெச் 412 என்று வந்து வீடே கலங்கிவிட்டது. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். பொட்டாசியம் 6.1. அதன் கீழே பொடி எழுத்தில் 'மாதிரியில் சிவப்பணுச் சிதைவு' என்ற குறிப்பு. அதுவரை யாரும் அந்த வரிக்குப் போகவே இல்லை. மறுநாள் கையை வெந்நீர்ப் பையால் சூடாக்கி, பொறுமையாக எடுத்தார்கள். எல்டிஹெச் 231, பொட்டாசியம் 4.3. எண்ணுக்குக் கீழே உள்ள குறிப்பையும் படியுங்கள், தயவுசெய்து.

ஜூரோங் மருமகள்:

எங்கள் கதை வேறு மாதிரி. என் மாமியார் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. நோய் தெரிந்ததும் தேக்காவில் மீன் வாங்கப் போனால்கூட யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டு, "இம்யூனோ போடுங்க, எங்க சித்தப்பாவுக்கு அதுலதான் சரியாச்சு" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

கட்டி இருந்த இடத்தில் ஊசி விட்டுத் திசு எடுப்பது ஆபத்து என்றார்கள். முதல் முறை எடுத்தது மரபணுப் பரிசோதனைக்குப் போதவில்லை. அதனால் கையிலிருந்து இரண்டு குழாய் ரத்தம் எடுத்து, கட்டி ரத்தத்தில் உதிர்த்துவிடும் டிஎன்ஏவைத் தேடினார்கள். முடிவுக்காகக் காத்திருந்த நாள்களில் மாமியார் தினமும் காலையில் என்னிடம், "ரத்தம் பேசுச்சாம்மா?" என்று கேட்பார். பேசியது. இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம்.

புகைபிடிக்காத கிழக்காசியர்களின் நுரையீரல் புற்றில் பாதிக்கும் மேல் இந்த மாற்றம்தான். நம் இந்தியர்களிடம் அதைவிடக் குறைவு, ஆனாலும் உண்டு. இது உள்ளவர்களுக்கு இம்யூனோதெரபி தனியாகக் கேட்பது அரிது. ஒசிமெர்டினிப் என்ற மாத்திரைதான் முதல் வழி. அதைவிட முக்கியம்: அவசரப்பட்டு முதலில் இம்யூனோ போட்டுவிட்டு அடுத்து இந்த மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் முடிவு வரும்வரை எதையும் தொடங்க வேண்டாம் என்று டாக்டர் பிடிவாதமாக நின்றார். அந்தச் சில வாரங்கள் எனக்கு நரகமாக இருந்தன. அவரோடு சண்டைகூடப் போட்டேன். இன்று நினைத்தால் கண் கலங்குகிறது.

மாமியார் மாத்திரை தொடங்கி 14 மாதம் ஆகிறது. வாரம் ஒரு முறை இட்லிக்கு மாவு அவரே அரைக்கிறார்.

தோ பாயோ:

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். என் கணவருக்கு எல்லா எண்ணும் நன்றாக இருந்தன. பிடி-எல்1 80. என்எல்ஆர் 2.1. எல்டிஹெச் இயல்பு. இம்யூனோ தொடங்கிய ஒன்பதாம் வாரத்து ஸ்கேனில் கட்டி பெரிதாகி, கல்லீரலிலும் வந்திருந்தது. எஸ்டிகே11 என்ற மரபணு மாற்றம் அவருக்கு இருந்தது, அது இருந்தால் மருந்து சரியாகக் கேட்காமல் போகலாம் என்று பிறகு விளக்கினார்கள். கீமோவுக்கு மாறினோம். அதன் பிறகு ஏழு மாதம் எங்களோடு இருந்தார். அவர் ஏதோ தவறாகச் சாப்பிட்டதால்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். இதைப் படிப்பவர்கள் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

பொங்கோல் தம்பி:

தோ பாயோ அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.

அண்ணனுக்காக நான் செய்ததைச் சொல்கிறேன். ரத்தத்தில் மரபணு மாற்றங்கள் எத்தனை என்று எண்ணும் பரிசோதனை ஒன்று உண்டு, ரத்த டிஎம்பி என்பார்கள். மாற்றம் கூடக்கூடப் புற்று நம் எதிர்ப்பணுக்களின் கண்ணில் எளிதாகப் படும் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். சேமிப்பிலிருந்து பல ஆயிரம் வெள்ளி கட்டிச் செய்தோம். 18 வந்தது. 16க்கு மேல் நல்லது என்று படித்திருந்ததால் அன்று வீட்டில் பாயசம். டாக்டர் மட்டும் நிதானமாக இருந்தார். அதே 16ஐ எல்லையாக வைத்து நடத்திய பிஃபாஸ்ட் என்ற ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது, அதில் அடிசோலிசுமாப் என்ற இம்யூனோ மருந்து கீமோவைவிட நோயைக் கூடுதல் காலம் கட்டி வைத்ததாக உறுதிப்படவில்லை என்றார்.

எங்களுக்குக் கைகொடுத்தது வேறொன்று. அண்ணன் சேர்ந்த ஆய்வில் சிகிச்சைக்கு முன் ஒரு முறையும், மூன்றாம் டோஸின்போது ஒரு முறையும் ரத்தம் எடுத்து, கட்டியின் டிஎன்ஏ எவ்வளவு மிதக்கிறது என்று ஒப்பிட்டார்கள். இரண்டாம் முறை ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதே வாரத்து ஸ்கேனில் கட்டி அப்படியே இருந்தது, எங்களுக்கோ பயம். அடுத்த ஸ்கேனில் பாதியாகியிருந்தது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொடங்குமுன் எடுக்கும் ஒரு எண்ணைவிட, தொடங்கிய பின் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை நான் கூடுதலாக நம்புகிறேன்.

செம்பவாங் மகள்:

எல்லோருக்கும் நன்றி. தோ பாயோ அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

ரத்தக் கூடத்து அண்ணன் சொன்ன பிறகு எல்லா ரிப்போர்ட்டிலும் அடிக்குறிப்பைத் தேடிப் பார்த்தேன். அப்பாவின் அந்த ரிப்போர்ட்டில் குறிப்பு எதுவும் இல்லை, எல்டிஹெச் உண்மையிலேயே கூடுதல்தான். மூன்றாம் டோஸுக்குப் பிறகு இயல்புக்கு இறங்கியது. என்எல்ஆர் இப்போது 2.8. முதல் ஸ்கேனில் நுரையீரல் கட்டி மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். ஏழாம் டோஸ் நெருங்கும்போது அப்பா நாள் முழுக்கப் படுத்தே கிடந்தார், குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டார். நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்து என்எல்ஆரை எடுத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. நான் பார்க்காமல் விட்ட வரியில், தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டிஎஸ்ஹெச் 38 என்று இருந்தது. மருந்து தூண்டிவிட்ட எதிர்ப்பணுக்கள் தைராய்டைத் தாக்கியிருக்கின்றன. டோஸுக்கு முன் ரத்தம் எடுப்பதே பெரும்பாலும் இது போன்ற பக்கவிளைவுகளைப் பிடிக்கத்தான் என்று தாதி சொன்னார். தைராக்சின் மாத்திரை தொடங்கி ஐந்தாறு வாரத்தில் அப்பா கீழே காப்பிக் கடைக்கு நடந்து போகத் தொடங்கிவிட்டார்.

நோட்டில் இப்போது டிஎஸ்ஹெச்சுக்கும் ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறேன். பக்கத்திலேயே, அன்று என்ன மாத்திரை, காய்ச்சல் உண்டா, ஊசி எத்தனை முறை குத்தினார்கள் என்று எழுத இன்னொரு பத்தி. வரும் செவ்வாய் 12ஆவது டோஸ். காலை 7.40க்கு ரத்தம் எடுக்க வேண்டும், "மிஸிகிட்ட இடது கையில எடுக்கச் சொல்லும்மா" என்று அப்பா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.