கல்லூரி மாணவர் தலைவர்: ஓட்டுப் போட்டா, முதல்வர் நியமிச்சா?

வேப்பமரத்தடி:
தமிழ்நாட்டுல பல தனியார் பொறியியல் கல்லூரிகள்ல மாணவர் சேர்மன், செக்ரட்டரி யாருன்னு முதல்வர் அறைதான் முடிவு பண்ணுது. உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர்ல ஏத்துக்கிட்ட, மாணவர் தேர்தல் பத்தின லிங்டோ குழு அறிக்கை தேர்தல் நடத்தத்தான் சொல்லுது. சூழல் சரியில்லாத இடத்துல மட்டும் நியமனம், அதுவும் இடைக்கால ஏற்பாடா. அந்த இடைக்காலம் இன்னும் முடியலையா?

ஆரஞ்சுஃபைல்:
சேர்மனோட வேலை என்னன்னு முதல்ல பாருங்க. சிம்போசியம்னா, அதாவது துறை நடத்துற கருத்தரங்கு விழான்னா, அனுமதிக் கடிதம், ஹால் புக்கிங், செலவுக்குக் கல்லூரி தர்ற அட்வான்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. பில் கல்லூரி பேர்ல இல்லாம, துண்டுச் சீட்டுல எழுதி வந்தா அக்கவுண்ட்ஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. பழைய அட்வான்ஸ் செட்டில் ஆகலைன்னா அடுத்த நிகழ்ச்சிக்குப் பணம் நிக்கும். ஓடி லிஸ்ட் (நிகழ்ச்சி வேலையா வகுப்புக்கு வராதவங்களுக்கு வருகை கொடுக்கிற ஆன்-டூட்டி பட்டியல்) ரெஜிஸ்டர் நம்பரோட, எந்தெந்த பீரியட்னு குறிச்சு, நிகழ்ச்சிக்கு முன்னாடியே துறைத் தலைவர் (எச்ஓடி) கையெழுத்தோட போகணும். பிறகு கொடுத்தா வருகைப் பதிவுல ஏறாது, 75 சதவீதத்துக்குக் கீழ போய் பரீட்சை எழுத முடியாம நிக்கிறது வாலண்டியரா நின்ன பசங்கதான். இதுக்குப் பொறுமையான ஆள் வேணும், ஓட்டு வாங்கத் தெரிஞ்ச ஆள் இல்ல. தேர்தல்னு வந்தா சாதியும் ஊர்க்கூட்டமும் உள்ள வரும்ங்கிறதையும் மறக்காதீங்க.

வேப்பமரத்தடி:
நீங்க சொல்றது நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் வேலை. மெஸ் கட்டணம் ஏறுனா, இன்டர்னல் மார்க்ல குளறுபடின்னா யார் போய்ப் பேசுறது? நியமிச்சவரே நீக்க முடியும்னா அந்தப் பேச்சுக்கு என்ன பலம்?
உங்க பயத்துக்கு அறிக்கையிலேயே கட்டுப்பாடு இருக்கு. மனுத்தாக்கல்ல இருந்து முடிவு வரை 10 நாளுக்குள்ள. ஒரு வேட்பாளருக்குச் செலவு 5,000 ரூபாய்க்கு மேல கூடாது. 75 சதவீத வருகை வேணும், அந்த வருஷம் அரியர் இருக்கக்கூடாது. அச்சடிச்ச போஸ்டர் கிடையாது, கையால எழுதினதை ஒதுக்கின இடத்துல மட்டும் ஒட்டலாம். கட்சிப் பணம் வாங்கக்கூடாது. முடிவு வந்து 2 வாரத்துல தணிக்கை செஞ்ச கணக்கு.

மூணாவதுமாடி:
வேப்பமரத்தடி, அந்த 5,000 காகிதத்துலதான் நிக்கும். பிரியாணி ட்ரீட்டும் டி-சர்ட்டும் நண்பன் பேர்ல போகும், கணக்குல ஏறாது. பெரிய கல்லூரியில எல்லாருக்கும் நேரடி ஓட்டுன்னா பணம் இருக்கிறவன் முந்துவான். வகுப்புப் பிரதிநிதிகள் வழியா நடத்தவும் அறிக்கையில இடம் இருக்கு. ஒரு வகுப்புல 60 பேரு, யார் எப்படின்னு அவங்களுக்கே தெரியும்.
ஆனா அதுலயும் ஒரு ஓட்டை. 24 பிரதிநிதிகள்னா 13 பேரைப் பிடிச்சா போதும். இடையில ஒரு வாரம் விட்டா அந்த 13 பேரையும் வளைச்சிடுவாங்க. அதனால காலையில வகுப்புத் தேர்தல், மதியமே பிரதிநிதிகள் ஓட்டு, ரெண்டும் ரகசிய வாக்குச்சீட்டுல. கை தூக்கச் சொன்னா ஆசிரியர் முகத்தைப் பார்த்துத்தான் கை எழும்பும்.

ஆரஞ்சுஃபைல்:
பல்கலைக்கழக மானியக் குழுவே (யுஜிசி) நியமனத்தை ஏத்துக்குதே. அதோட 2023 குறைதீர்ப்பு விதிமுறைப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு வர்ற மாணவர் பிரதிநிதியைப் படிப்பு, விளையாட்டு, பிற செயல்பாடுகள்ல தகுதி பார்த்து நியமிக்கிறாங்க. தேர்தல் இல்லை.

மூணாவதுமாடி:
அதே விதியை முழுசாப் படிங்க. அந்த மாணவர் சிறப்பு அழைப்பாளர்தான். கூட்டம் நடக்கக் குறைஞ்சது 3 பேர் இருக்கணும் (கோரம்), அதுல இவர் கணக்கே இல்லை. பாலியல் புகாருக்கான உள்ளகக் குழுவைப் பாருங்க: யுஜிசியோட 2015 விதிமுறைப்படி மாணவர் சம்பந்தப்பட்ட விஷயத்துல 3 மாணவர்கள் உறுப்பினர்கள், வெளிப்படையான ஜனநாயக முறையில தேர்ந்தெடுக்கப்படணும். உறுப்பினரா உட்காரணும்னா ஓட்டு, ஓரமா உட்காரணும்னா நியமனம்.

ஆரஞ்சுஃபைல்:
உள்ளகக் குழுவுக்கு ஓட்டு வேணும், அதை ஏத்துக்கிறேன். அங்க மாணவர்களோட நம்பிக்கைதான் முக்கியம். சிம்போசியம் நடத்துறவருக்கு அது பொருந்தாது, அதுல நான் மாறலை.

வேப்பமரத்தடி:
அப்போ பதவியை ரெண்டாப் பிரிங்க. விழா நடத்துறவரை நியமிச்சுக்கோங்க, குறை பேசுறவரை நாங்க ஓட்டுப் போட்டு எடுக்கிறோம். எந்த வழியில வந்தவரானாலும் வாய்மொழியாக் கேட்டுட்டுத் திரும்பக்கூடாது. மனு ரெண்டு பிரதி, ஒண்ணுல தேதியும் அலுவலக முத்திரையும் வாங்கி வெச்சுக்கணும். குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாள்ல அறிக்கை தரணும். முத்திரை இல்லைன்னா அந்த 15 நாள் எப்போ தொடங்குச்சுன்னே காட்ட முடியாது.